ஷேடு தப்பிய செடி

மச்சினி செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பியிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன் மாமா. அக்கா எனக்குன்னு சொன்ன செடிய வெட்டிக்கணும். பத்து மணிக்கு. டீ மட்டும் போதும்."

சரி என்று பதில் போட்டேன். பிறகு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். வெட்டிக் கொடுக்க அதில் சிவப்பு எதுவும் இல்லை.

தொட்டி என் மனைவியுடையது. மூன்றடி நீளம், நல்ல தண்ணீர். சுண்டுவிரல் அளவில் பதினொரு வெள்ளி மீன்கள். முன்பக்கம் புல் மாதிரி ஏதோ ஒன்று. பின்பக்கம் முழுக்க ஒரே செடி, ரோட்டாலா. தண்டு நூல் போலிருக்கும். இலை அரிசி அளவு. ஒரே ஒரு கட்டு வாங்கினாள். அதையே வெட்டி வெட்டி நட்டு மூன்று வருடத்தில் பின்சுவரை மூடிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பார்கள். அவ்வளவு சிவப்பு.

அவள் இறந்து ஐந்து மாதம். செடி இப்போது பச்சை. சாதாரணப் பச்சை, சாலையோரத்தில் முளைக்கிற எதற்கும் இருக்கிற பச்சை.

நான் பெயிண்ட் கம்பெனி லேபில் நிறம் பார்க்கிறவன். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் தகரமோ துணியோ அனுப்புவார். அதே நிறத்தில் பெயிண்ட் வர வேண்டும். எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே மூன்று விளக்கு. ஒன்று பகல் வெளிச்சம், ஒன்று கடை விளக்கு, ஒன்று வீட்டு பல்பு. மாதிரியையும் எங்கள் தகரத்தையும் ஒட்டி வைத்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற இரண்டு சிவப்பு, அடுத்த விளக்கில் அறிமுகமே இல்லாதவை மாதிரி நிற்கும். மூன்றிலும் பொருந்தினால்தான் கையெழுத்து. சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவார்கள்.

கல்யாணமான மறுவருடம் ஒருநாள் மதியம் டிபன் கேரியரைத் திறந்தேன். மேல் அடுக்கில் ஈரத்துணி. அதற்குள் ஐந்தாறு சிவப்புத் தண்டுகள். போன் செய்தேன்.

"என்னடி இது?"

"கத்தாதீங்க. சாப்பாடு கீழ் அடுக்குல இருக்கு. மேல இருக்கறது ஆர்டர். இந்தக் கலர்ல ஒரு டப்பா பெயிண்ட் வேணும்."

"நான் பெயிண்டர் இல்ல."

"அப்போ நல்ல பெயிண்டரா யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க."

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயிண்டர் என்று பெயர். வேலை முடிந்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த நிறத்தை எடுத்தேன். அவள் அதை ஒரு முக்காலிக்கு அடித்தாள். அந்த முக்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்துதான் செடி வெட்டுவாள். பின்னால் நின்று பார்த்தால் முக்காலியும் செடியும் ஒரே துணியில் வெட்டியது போலிருக்கும். சோதனைக்காகப் பூசிய தகரம் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அவளுக்கு நோய் சிறுநீரகத்தில் தொடங்கியது. பிறகு எங்கெங்கே போனது என்று டாக்டர்களும் உடைத்துச் சொல்லவில்லை. எழுபத்தொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். நான் காலையில் மருத்துவமனை, அங்கிருந்து வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மறுபடி மருத்துவமனை. வீட்டில் செய்ய இருந்த ஒரே காரியம் மீன்களுக்குத் தீனி போடுவது. காலையில் ஒரு சிட்டிகை. சாயங்காலம் ஒரு சிட்டிகை. அவள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுவாள், அதுவும் கை வராதவள் மாதிரி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் போட்டேன். மருத்துவமனையில் அவள் சாப்பிடவில்லை. வீட்டில் மீன்கள் சாப்பிட்டன.

தினமும் தொட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். மூன்றாவது வாரம் கொழுந்து பச்சையாக வந்தது. அந்தச் செடிக்கு நுனிதான் முதலில் சிவக்கும். நுனியே பச்சை. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே படத்தில் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். எனக்குப் பழகிய வேலை. கடைசி மூன்று வாரம் செடியில் சிவப்பே கிடையாது. படத்தில் இருந்தது எல்லாம் நான் போட்டது.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "நல்லாருக்கு பெயிண்டரே" என்பாள். வேறொன்றும் சொன்னதில்லை.

அவள் போன பிறகும் நான் தீனியை நிறுத்தவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் அந்த மூலைக்குப் போனால் பதினொன்றும் அங்கே வந்து நிற்கும். வீட்டில் என்னை எதிர்பார்த்து நிற்பவை அவை மட்டும்தான்.

மச்சினிக்கும் அந்தப் படங்கள் போயிருந்தன. சிவப்பு இருக்கிறதென்று நம்பிக் கத்தரிக்கோலோடு வருகிறாள். இல்லை என்றால் எப்போதிலிருந்து இல்லை என்று கேட்பாள். அந்தக் கேள்வி வரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என் மனைவி தன் சிவப்பைப் பார்த்துக்கொண்டே போனாள் என்று ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது. இன்னொருவருக்குத் தெரியாதவரை அது நின்றுகொண்டிருக்கும்.

சனிக்கிழமை பாதி நாள் வேலை. தகரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். டயர் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு கடை. உள்ளே இருட்டு. தொட்டிகளின் மேல் மட்டும் வெளிச்சம். கடைக்காரர் முழங்கை வரை நனைந்திருந்தார்.

"என்ன சார் அது, தகரமா?"

"கலர்."

"கலர்னு தெரியுது. எதுக்கு?"

"இந்தச் சிவப்புல செடி வேணும்."

தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வந்து பாரு. ஒருத்தர் மேட்சிங் பாத்துச் செடி வாங்க வந்திருக்கார்."

"துணிக்கடை அடுத்த தெருன்னு சொல்லுங்க" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ஆள் வரவில்லை.

அவர் சிரித்தார். நான் கொஞ்ச நேரம் தகரத்தைத் துடைத்தேன்.

முதலில் அகல இலையாக ஒன்றைக் காட்டினார். நீலம் ஏறிய சிவப்பு. வேண்டாம் என்றேன். அடுத்தது செம்பு நிறம், மஞ்சள் அதிகம். மூன்றாவதில் இலையின் அடிப்பக்கம்தான் சிவப்பு, மேல்பக்கம் அழுக்கு. ஒவ்வொரு தொட்டியிலும் கண்ணாடியோடு தகரத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நொட்டை சொல்றீங்களே சார். மூக்கு சப்பை, கன்னம் ஒட்டல்னு."

"வேற இருக்கா?"

"இருக்கு. கடைசித் தொட்டி. அதுக்கும் மூஞ்சியச் சுளிச்சீங்கன்னா நீங்களே பெயிண்ட் அடிச்சுக்கறதுதான்."

கடைசித் தொட்டியில் லுட்விஜியா என்று ஒரு செடி. சிறிய இலை. தகரத்தை வைத்தேன். நிறம் பொருந்தும்போது தகரத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். எங்கள் வேலையில் அந்த ஒரு நொடிதான் சுகம். விளிம்பு போய்விட்டது. செடி எங்கே முடிகிறது, தகரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"இதுதான்" என்றேன். "பன்னிரண்டு கட்டு குடுங்க."

"பன்னிரண்டா? வீட்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ரோட்டாலா."

"ரோட்டாலா வச்சிருந்தவருக்கு இது எதுக்கு சார்? அதுவே நல்லாச் சிவக்குமே."

"சிவப்பு போயிடுச்சு."

"செடி போச்சா, சிவப்பு போச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அது எப்படி ஒண்ணாகும்? எவ்ளோ தீனி..."

அதற்குள் மீன் பைகளோடு வண்டி வந்து வாசலை அடைத்தது. அவர் ஓடினார். அவர் சொல்ல வந்ததைக் கேட்க நான் காத்திருக்கவில்லை. மேசையில் பணத்தை வைத்துவிட்டு, ஈரக் காகிதத்தில் அவரே சுற்றி வைத்திருந்த பன்னிரண்டு கட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டேன். பழைய செடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினேன். சில வேரோடு வந்தன, சில பாதியில் அறுந்தன. லேபில் ஒரு பேட்ச் நிறம் விலகிப் போனால் ஷேடு அவுட் என்று எழுதி ஒதுக்கிவிடுவோம். அதைத் திருத்தலாமா என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அடுத்த பேட்ச் போடுவோம். அப்படித்தான் செய்தேன். மூன்று வருடம் வளர்ந்தது. பிடுங்கக் கால் மணி நேரம் ஆகவில்லை. கறுப்புப் பையில் அடைத்துக் கீழே கொண்டு போய்ப் பெரிய குப்பைத் தொட்டியில் போட்டேன். பை கனமாக இருந்தது. அதில் பாதி தண்ணீர்தான்.

புதிய கட்டுகளை நட்டேன். தண்ணீர் கலங்கியிருந்தது. தெளியும்வரை காத்திருந்து விளக்கைப் போட்டேன்.

செடி பழுப்பாக இருந்தது. பக்கத்தில் முக்காலி சிவப்பாக இருந்தது.

கடையில் செடிகளை எடுப்பாகக் காட்டச் சிவப்பு தூக்கலான விளக்கு போட்டிருக்கிறார்கள். எங்கள் தொட்டியில் வெள்ளை விளக்கு. தகரத்தை ஒரே விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஒன்பது வருடமாக நிறம் பார்க்கிறவன். முதல் வாரப் பாடம். லேபில் ஒரு பயிற்சிப் பையன் இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்போம்.

கீழே போய்ப் பையை எடுத்து வரலாம் என்று தோன்றியது. குப்பை வண்டி காலையில்தான் வரும். ஆனால் பழுப்பிலாவது கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, பச்சையில் அதுவும் இல்லை என்று கணக்குப் போட்டேன். போகவில்லை. மீன்கள் மூலைக்கு வந்து நின்றன. ஒரு சிட்டிகை போட்டேன்.

மறுநாள் மச்சினி பத்து மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே மணியடித்தாள். எங்கள் வீட்டில் இவளுக்கு வாலு என்று பெயர். என் மனைவி வைத்தது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. இருபத்தாறு வயதாகியும் பெயர் மாறவில்லை.

"என்ன மாமா, பாதி ஆள்தான் நிக்கறீங்க? மீதிய எங்க வச்சீங்க?"

"உள்ள வா."

"சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

சமையலறையை எட்டிப் பார்த்தாள். "ஒரே ஒரு டம்ளர் கெடக்கு. நம்பிட்டேன்."

பையிலிருந்து கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள், மூடி போட்ட ஒரு பாட்டில் எல்லாம் எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு தொட்டி முன்னால் போய் நின்றாள். முக்காலியில் உட்காரவில்லை. அதைக் காலால் மெதுவாக ஒதுக்கினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான்.

"இது என்ன மாமா?"

"செடி."

"செடின்னு தெரியுது. அழுகின தக்காளி மாதிரி இருக்கே. அக்காவோடது இல்லையே இது."

"அதேதான்."

"நாள் முழுக்க ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் பாக்கறவ நான். என்கிட்டயே படம் காட்டாதீங்க. பச்சை எங்க?"

எனக்கு விளங்கவில்லை. "எந்தப் பச்சை?"

"அக்கா செடி மாமா. பச்சையா இருந்துச்சே, அது."

"பச்சையாச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"அக்காதான்."

பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரில இருக்கும்போதுதான். வேற எப்போ சொல்லுவா?"

போனை எடுத்தாள். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். ரொம்ப நேரம் தள்ளினாள். "நீங்களே படிக்கறீங்களா?" என்றாள். தலையசைத்தேன், வேண்டாம் என்று. அவளே படித்தாள். கண் பரிசோதனையில் எழுத்து வரிசையை வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"'உங்க மாமா மீனுக்கெல்லாம் லிப்ஸ்டிக் போட்டு அனுப்பறார்டி.' இது அக்கா. நான் 'என்ன ஆச்சு'ன்னு கேட்டிருக்கேன். 'செடி பச்சையாயிடுச்சு. படத்துல சிவப்ப ஏத்தி அனுப்பறார். செடிய மட்டும் ஏத்தத் தெரியல பாவம், மீனும் சேந்து செவந்து போய் நிக்குது. கல்யாணத்துக்குப் போற மாதிரி.' அப்புறம் ஒரு சிரிப்பு பொம்மை."

எனக்கு அது தோன்றவே இல்லை. லேபில் நிறம் அளக்கிற கருவியை எடுத்தால் முதல் வேலை, வெள்ளை டைலை வைத்துச் சரிபார்ப்பது. வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற நிறம். நான் செடியை மட்டும் பார்த்திருக்கிறேன். அவள் மீனைப் பார்த்திருக்கிறாள்.

"இன்னும் இருக்கு" என்றாள் வாலு.

"படி."

"'தினம் ரெண்டு வேளை தீனி போடறார் போல. சத்து ஏறிப்போச்சுன்னா அது பச்சையாத்தான் போகும். பட்டினி போட்டாச் சிவக்கும்.' நான், 'மாமாகிட்ட சொல்லேன்'னு போட்டிருக்கேன். அதுக்கு..." நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். "'சொன்னா நிறுத்திடுவார். அப்புறம் அந்த வீட்ல அவருக்கு என்ன வேலை? போட்டுட்டுப் போகட்டும். நான் வந்து சரி பண்ணிக்கறேன்.'"

போனைக் கீழே இறக்கினாள்.

"அவ்ளோதானா?"

"ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு இருக்கு. 'நான் வரலைன்னா நீ போய் வெட்டிக்கோ. பச்சையா இருந்தாலும் அதுதான். சிவக்கலைன்னு தூக்கிப் போட்டுடப் போறார், பாத்துக்கோ.'"

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன்.

"பச்சை எங்க மாமா?"

"கீழ."

"கீழன்னா?"

"குப்பையில."

அவள் அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். லிப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் படியில் இறங்கினாள். நான் பின்னால் போனேன். செருப்புப் போட மறந்திருந்தேன்.

குப்பைத் தொட்டி காலி. அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீரும் ஒரு தக்கையும். வாலு விளிம்பில் வயிற்றை வைத்து உள்ளே குனிந்தாள். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"என்னம்மா தொலைச்சீங்க? மோதிரமா?"

"இல்லண்ணா. செடி."

"செடியா?" என்னைப் பார்த்தார். "தொட்டியில வச்ச செடியா சார்?"

"தண்ணித் தொட்டி" என்றேன்.

"வண்டி ஆறு மணிக்கே வந்துட்டுப் போயிடுச்சே. செடிக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தீங்க? நான் என்னவோ ஏதோன்னு..." என் வெறும் காலைப் பார்த்தார். மேலே பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பற்றி அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வாலு நிமிர்ந்தாள். சட்டை வயிற்றில் அழுக்கு. துடைக்கவில்லை.

"ஒரு நாள் மாமா" என்றாள். "ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

லிப்டில் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்குள் வந்ததும் கை கழுவினாள். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டி முன்னால் நின்றாள்.

"இந்தத் தக்காளிய எல்லாம் எடுங்க."

பன்னிரண்டு கட்டையும் எடுத்து வாளியில் போட்டேன். ஒரே நாளில் அடி இலைகள் கொழகொழத்துக் கழன்றன. அவள் தொட்டியின் பின்பக்கம் கையை விட்டு மணலைத் துழாவினாள். மீன்கள் முன்பக்க மூலையில் ஒடுங்கின. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினாள். அவள் அக்காவும் அப்படித்தான், வேரைத் தொடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எப்படிப் பிடுங்கினீங்க?"

"கையால."

"மெதுவாவா, வெறி பிடிச்ச மாதிரியா?"

"வேகமா."

"நல்லதாப் போச்சு. அறுந்திருக்கும்."

கால் மணி நேரம் தேடினாள். முதலில் கிடைத்தது வெறும் வேர். இரண்டாவது, விரல்கணு நீளத் தண்டு, இலை இல்லை. பிறகு அதே போல் இன்னும் இரண்டு. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நூல் துண்டு மாதிரி இருந்தன. பச்சைகூட இல்லை. மணல் நிறம்.

"உயிர் இருக்கா?"

"நான் கண்ணுதான் பாப்பேன். உயிரெல்லாம் தெரியாது." மூன்றையும் விளக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். "கணு இருக்கு. கணுவுல வந்தா வரும்."

"நீயே எடுத்துட்டுப் போ. மூணையும்."

"எதுக்கு?"

"இங்க இருந்தா செத்துடும். என்னால முடியாது."

பாட்டிலை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "அக்கா என்னை வெட்டிக்கத்தான் சொன்னா மாமா. வேரோட எடுத்துட்டுப் போகச் சொல்லல. வளர்ந்தா வந்து வெட்டிக்கறேன்."

மூன்றையும் நடுவில், விளக்குக்கு நேர் கீழே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நட்டாள். தண்ணீரில் பாதியை மாற்றச் சொன்னாள். வாளி வாளியாக எடுத்துக் கொட்டினேன். அந்த வேலை முடியும்வரை இரண்டு பேரும் செடியைத் தவிர எதையும் பேசவில்லை. டீ போட்டேன். பால் திரிந்திருந்தது. கறுப்பாகவே குடித்தாள்.

பிறகு மேசையில் செய்தித்தாளைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்தாள். தீனி டப்பாவைத் திறந்து ஒவ்வொரு சதுரத்திலும் கொஞ்சமாக வைத்து மடித்துப் பொட்டலம் கட்டினாள். ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதினாள். செவ்வாய். வியாழன். சனி. மருத்துவமனையில் மாத்திரைகளை அப்படித்தான் கட்டிக் கொடுப்பார்கள். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த கை ஒரு முறை நின்றது.

"பதினஞ்சு இருக்கு. ஒரு மாசத்துக்கு வரும். இன்னிக்கும் நாளைக்கும் கிடையாது."

"நேத்து ரெண்டு வேளை போட்டேன். இன்னிக்குக் காலையிலயும்."

"தெரியும். அதான் நாளைக்கும் கிடையாது." டப்பாவைத் தன் பைக்குள் போட்டு மூடினாள். "இது என்கிட்ட இருக்கட்டும்."

"வாலு."

"என்ன?"

"அவ கோவிச்சுக்கிட்டாளா? படத்துக்கு."

செருப்பில் கால் நுழைத்தபடி யோசித்தாள். இல்லை என்று உடனே சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ஒரு நாள் அழுதா" என்றாள். "செடிக்கா, உங்களுக்கான்னு நான் கேக்கல."

போய்விட்டாள். பாட்டிலும் செய்தித்தாள் மிச்சமும் மேசையிலேயே கிடந்தன.

வாளியிலிருந்த லுட்விஜியாவைக் கீழே கொண்டு போய்ப் போட்டேன். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர்களைக் கழுவினேன். தரையைத் துடைத்தேன். வேறு வேலை இல்லை.

ஆறு மணிக்கு மீன்கள் மூலைக்கு வந்தன. பதினொன்றும் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. போன சாயங்காலம் வரை இது ஒரு நிமிட வேலை. நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவை போகவில்லை. நானும் எழுந்து போகவில்லை. பின்சுவர் வெறும் கண்ணாடி. அதன் வழியே வீட்டுச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று நான் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. மணலில் மூன்று தண்டு இருக்கும் இடம் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். எனக்கே இரண்டுதான் தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து மீன்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். பழக்கத்தில் விரல் நிறம் மாற்றுகிற இடத்துக்குப் போனது. விரலை எடுத்துக்கொண்டேன். எதையும் ஏற்றாமல் வாலுவுக்கு அனுப்பினேன்.

பதில் வரக் கொஞ்ச நேரமானது. பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்.

"செடி ஒண்ணும் தெரியல மாமா. மீன் வெள்ளையா இருக்கு."

ஆமாம் என்று எழுதினேன்.